வீடு மாறினாலும் விலாசம் விடாது!



அஸர் தொழுதுவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். வாசற்கதவு தட்டப்படுகிறது. முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிறீர்கள். துப்புரவாக உடுத்திய ஒரு பையன் நிற்கிறான். கையில் ஒரு கலியாணக் காட். "மாமி, இந்தக் காட்டைக் குடுக்கணும். பக்கத்து வீட்டில இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறான். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

நான் சொன்ன பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வருடம் எங்களோடு ஒட்டி உறவாடிய குடும்பம் அது. வீட்டுக்காரர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். வெள்ளவத்தைக்கு மாறிப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கலியாணக் காட் என்றதும் எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. காலி வீதியில் எந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும், கடற்கரைப் பக்கமா மற்றப் பக்கமா, எத்தனையாவது ஒழுங்கை, கீழ்வீடா மேல்மாடியா என்று ஒன்று விடாமல் சொன்னேன். "நானா இப்பவும் ஹயருக்குத்தான் போறாரா?" என்று கேட்டான். "ஓம் மகன், இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவாராம்" என்று அதையும் சொன்னேன். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவசரம் என்றான்.

மூன்றாம் நாள் ஸுப்ஹுக்குப் பள்ளிக்குப் போகக் கதவைத் திறந்தார் அந்தச் சகோதரியின் கணவர். வீட்டு முன்னால் வண்டி இல்லை!

கலியாணமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. தவணை கட்டாத வாகனங்களை லீசிங் கம்பனிக்காகத் தேடிப் பிடிக்கிறவர்களின் ஆள் அவன். "சீஸ் பண்றவங்க" என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அவர்கள்தாம். அதன் பிறகு, லீசிங் கிளை ஒன்றில் முன்பு வேலை பார்த்த உறவுக்காரத் தம்பி ஒருவரைப் பிடித்து இந்தத் தொழிலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். அவர் சொன்னதையும் நானாகத் தேடி அறிந்ததையும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

வண்டி யாருடையது?

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். லீசிங்கில் எடுத்த வண்டி, கடைசித் தவணை கட்டி முடியும்வரை நம்முடையதன்று. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம்தான் இதற்குரிய சட்டம். கம்பனி சொந்தக்காரர், நாம் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர். மோட்டார் வாகனப் பதிவிலும் கம்பனியின் பெயர் உரிமையாளராக ஏறியிருக்கும். நம் கையில் இருப்பது பதிவுப் புத்தகத்தின் போட்டோ கொப்பி. "நாங்க இஜாரா முறையில எடுத்தது, அப்படி யாரும் வரமாட்டாங்க" என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். இஜாரா என்றாலே வாடகைதானே? பொருள் கொடுத்தவருடையது என்பதுதானே அதன் அடிப்படை? ஆகவே அங்கும் இதே கதைதான்.

வண்டியைத் தேடிவர அவர்களுக்கு உரிமை இருக்கிறது. எப்படித் தேடுகிறார்கள், தேடும்போது யார் நசுங்குகிறார்கள் என்பதுதான் நம் கவலை.

படிவத்தில் நாமே எழுதிக் கொடுத்தது

தேடுகிறவனுக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்று நினைக்காதீர்கள். அவன் முதலில் திறப்பது நாம் கையொப்பமிட்ட கோவையை. அதில் என்ன இல்லை? அடையாள அட்டை இலக்கம், மின்சாரப் பட்டியல், தொழில் செய்யும் இடம், மனைவியின் தொலைபேசி இலக்கம், பிணை வைத்தவரின் முழு விபரம், "உங்களோடு ஒரே வீட்டில் வசிக்காத உறவினர்" என்று இரண்டு பெயர். பணம் கைக்கு வரும் அவசரத்தில் கடகடவென்று நிரப்பிக் கொடுக்கிறோமே, அந்தத் தாள்தான் பிறகு வழிகாட்டி.

அதிலே "நிரந்தர விலாசம்" என்று ஒரு கட்டம் இருக்கும். கொழும்பில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் அதில் ஊர் விலாசத்தை எழுதுவார்கள். அக்குறணையோ புத்தளமோ காத்தான்குடியோ, ஏதோ ஓர் ஊர். வெள்ளவத்தை வீட்டை விட்டவர் பெருநாளைக்கு உம்மாவைப் பார்க்க ஊருக்கு வராமலா இருப்பார்? அவர்கள் போடும் முதல் கணக்கு இதுதான். வீடு மாறலாம், பெருநாள் மாறுமா? வண்டி இலக்கத் தகட்டில் மேல் மாகாணத்து எழுத்து இருந்துவிட்டால் ஊர்ப் பள்ளி வாசலில் நூறு வண்டிகளுக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும்.

அடுத்தது தொலைபேசி. "உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு, விலாசம் சரியாச் சொல்லுங்க" என்று ஓர் அழைப்பு. அல்லது "உங்க தங்கச்சிட பேருக்கு ஒரு கடிதம் திரும்பி வந்திருக்கு" என்று உறவினருக்கு ஓர் அழைப்பு. பார்சலை யார் வேண்டாம் என்பது? நாமே ஒழுங்கை இலக்கம் முதல் வாசல் நிறம் வரை சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டுச் சாமான் ஏற்றிய டிமோ பட்டாக்காரர், வாடகை வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர், கேஸ் சிலிண்டர் கடைக்காரர், சில்லறைக் கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் முதலாளி, முச்சக்கர வண்டி தரிப்பிடத்துக் கூட்டாளிகள், வண்டி பழுது பார்க்கும் கராஜ் பையன்... இவர்கள் எல்லோருக்கும் நாம் போன இடம் தெரியும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கேட்டால் சொல்வார்கள். கையில் ஏதாவது வைத்துக் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள்.

பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? வருட நடுவில் பாடசாலை மாற்றுவது இந்தக் கொழும்பில் ஆகிற காரியமா? வீடு வெள்ளவத்தையில், பாடசாலை பழைய இடத்தில். பாடசாலை விடும் நேரத்துக்கு வாசலில் நின்று பிள்ளையை ஏற்றும் வண்டியைப் பின்தொடர்ந்தால் போதுமே! ஜும்ஆ நாளும் அப்படித்தான். பகல் பன்னிரண்டரைக்கு அந்தப் பகுதி முச்சக்கர வண்டிகள் எல்லாம் பள்ளியைச் சுற்றித்தான் நிற்கும்.

இதோடு பேஸ்புக்கும் சேர்ந்துகொண்டது. பிள்ளையின் பிறந்தநாள் கேக், பின்னால் பல்கனி, பல்கனிக்கு அப்பால் ரயில் பாதையும் கடலும். வெள்ளவத்தையை அறிந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

நமது இந்த இரண்டு பகுதிகளிலும் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று அந்தத் தம்பி சொன்னார். எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. நெருக்கமான இடம், மாடி மேல் மாடி, லொட்ஜ், அனெக்ஸ், இன்று இருப்பவர் நாளை இல்லை. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் உண்டா என்றுதானே தோன்றும்? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஜம்பட்டா வீதியில் வாடகை கட்ட முடியாதவர் எங்கே போவார்? தமிழ் பேசும் அயல், நடந்து போகும் தூரத்தில் பள்ளி, ஹலால் இறைச்சிக் கடை, தெரிந்தவர் ஒருவர். இப்படிப் பார்த்தால் போகக்கூடிய இடங்களை ஐந்து விரலில் எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. கோவை பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறவனுக்குப் பதில் சொல்லியே பழகியவர்கள் நாம். யுத்த காலத்தில் இந்தப் பகுதிகளில் ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வைக்க வேண்டியிருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்து தமிழ் மக்களை நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்களே, மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டி வந்ததே! அந்தக் காலத்துப் பயம் இன்னும் நம் நாக்கில் இருக்கிறது. "நீங்க யார், எங்கேயிருந்து வாறீங்க?" என்று திருப்பிக் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஓடும் வண்டி ஒளியாது

ஆள் ஒளியலாம், வண்டி எப்படி ஒளியும்? வருடத்துக்கு ஒரு தடவை வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் காப்புறுதி வேண்டும், 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். லீசிங் வண்டியின் காப்புறுதி பெரும்பாலும் கம்பனி வழியாகவே போகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடினால் பொலிஸ் மறிக்கும். மறிக்காத ஒழுங்கைகளில் மட்டும் ஓடிப் பிழைக்க முடியுமா? வண்டியை விற்றுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தப் பக்கமே போய்விடாதீர்கள். நமக்குச் சொந்தமில்லாததை விற்றால் கடன் விவகாரம் பொலிஸ் விவகாரமாகிவிடும்.

அமெரிக்காவில் இந்த வேலையைக் கமராக்கள் செய்கின்றன. வாகனம் பிடிக்கிறவர்களின் காரில் கமரா பூட்டியிருக்கும். அது வீதியோரம் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் இலக்கத் தகட்டையும் வாசித்து, எந்த இடம், எத்தனை மணி என்று சேமித்து வைக்கும். இங்கே அந்தக் கமராவுக்குப் பதில் என்னைப் போன்ற ஒரு மாமி.

ஆனால் அதே அமெரிக்காவில் 1977ல் கடன் அறவிடுவோருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். கடனாளியின் விலாசம் தேடி அயலவரிடம் போகலாம். விலாசம், தொலைபேசி, வேலையிடம் இவ்வளவுதான் கேட்கலாம். அவர் கடன்பட்டிருக்கிறார் என்று சொல்லக் கூடாது. பொதுவாக ஒருவரிடம் ஒரு தடவைக்கு மேல் போகவும் கூடாது. இந்தியாவில் 2007ல் உச்ச நீதிமன்றம், அடியாட்களை வைத்துக் கடன் அறவிடுவதைக் கண்டித்தது. 2022ல் ரிசர்வ் வங்கி, காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடனாளிக்கு அழைப்பு எடுக்கக் கூடாது என்றது. அதே வருடம் ஜார்கண்டில் உழவு இயந்திரம் ஒன்றைப் பறிமுதல் செய்யப் போனபோது ஒரு கர்ப்பிணிப் பெண் அதன் அடியில் சிக்கி உயிரிழந்தாள். இன்னா லில்லாஹி... எத்தனை சட்டம் இருந்தாலும் வாசலில் நிற்கிறவர் பெண்தானே!

நம் நாட்டிலும் 2018ல் வந்து பார்த்த ஐக்கிய நாடுகள் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வாங்கிய கிராமத்துப் பெண்கள் அறவிட வருகிறவர்களிடம் படும் பாட்டை, வெளியில் சொல்லக் கூசும் தொந்தரவுகள் உட்பட, தமது அறிக்கையில் எழுதினார். அந்த வருடம் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. கொழும்பு முச்சக்கர வண்டிக் கடனுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

"வாப்பா வீட்டில இல்ல எண்டு சொல்லு"

வெள்ளவத்தைச் சகோதரியின் குடும்பம் எப்படிப் பாக்கியில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் ஏமாற்ற நினைத்து வண்டி எடுப்பதில்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூனில் 470 ஆனது. பிறகு கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். ஐந்து லீற்றரில் வாரம் முழுக்க ஓடி, வாடகை கட்டி, பிள்ளைக்குக் கொப்பி வாங்கி, தவணையும் கட்டு என்றால்? அன்று விழுந்த பள்ளத்திலிருந்து அவர்கள் எழும்பவே இல்லை. ஒரு மாதம் கட்டுவது, இரண்டு மாதம் தவறுவது என்று வருடக் கணக்கில் இழுபட்டது.

அறவிட வருகிறவர் வீட்டு வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கப் பேசத் தொடங்கியதும் கணவர் வீடு மாறுவோம் என்றார். சொல்லாமல் கொள்ளாமல் மாறினார்கள். அதன் பிறகுதான் பெரிய கஷ்டம். தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடக்கும். கதவு தட்டினால் எட்டு வயது மகளை அனுப்பி, "வாப்பா வீட்டில இல்ல எண்டு சொல்லு" என்பார்கள். வாப்பா உள்ளே கட்டிலில் இருப்பார். மத்ரஸாவில் பொய் சொல்வது ஹராம் என்று படித்துவிட்டு வந்த பிள்ளை!

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன் மனிதனைப் பொய்யிலும் வாக்கு மீறுவதிலும் கொண்டுபோய் விட்டுவிடும் என்ற கருத்தில் பதில் கூறினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸை நான் எத்தனையோ தடவை பயானில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

ஆள் கிடைக்காவிட்டால் கடன் எங்கே போகும்? பிணை வைத்தவரிடம் போகும்! இந்தக் குடும்பத்துக்குப் பிணை நின்றவர் சகோதரியின் சொந்தத் தம்பி. வேலை செய்யும் கடைக்கே கடிதம் போயிற்று. தம்பி மனைவி இன்றுவரை மச்சியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஓடுகிறவர் தனியாக ஓடுவதாக நினைக்கிறார். பின்னால் ஒரு வரிசையே இழுபடுகிறது. பிணைக்குக் கையொப்பம் கேட்டு உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், அது சாட்சிக் கையொப்பம் அல்ல, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற உறுதி என்பதை உங்கள் கணவருக்கு ஞாபகப்படுத்துங்கள். நீங்களே பிணை நிற்பதானால் இரண்டு தடவை யோசியுங்கள்.

விலாசத்தை நாமே கொடுத்துவிட்டால்?

வீடு மாற வேண்டிய நிலை வந்தால் மாறுங்கள். அது குற்றமில்லை. ஆனால் புதிய விலாசத்தைக் கம்பனிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். "என்ன ராத்தா, புலியை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். எப்படியும் தேடி வரத்தான் போகிறார்கள் என்பதை மேலே பார்த்தோமே! விலாசம் கொடுத்தவரிடம் கடிதம் வரும். கொடுக்காதவருக்கு அனுப்பும் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அங்கே யாரோ கிழித்துப் போட, கடைசி அறிவித்தலைக்கூடப் பார்க்காமல் ஒருநாள் விடிய வண்டி போயிருக்கும். வெள்ளவத்தையில் நடந்தது அதுதான். இறுதிக் கடிதம் எங்கள் ஒழுங்கையில் பழைய வீட்டுத் தபாற்பெட்டியில் கிடந்ததை நான்தான் பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு தவணை தவறியதுமே கிளைக்குப் போங்கள். மூன்று தவறும்வரை காத்திருக்க வேண்டாம். தவணைத் தொகையைக் குறைத்து மாதங்களைக் கூட்டித் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஆண்கள் வெட்கப்பட்டுத் தள்ளிப் போடுவார்கள். நீங்கள் கூடப் போங்கள். கட்டும் பணத்துக்கெல்லாம் ரசீது. வாசலுக்கு வருகிறவர் கையில் ரசீதில்லாமல் ஐந்து சதம் கொடுக்காதீர்கள். அல்லாஹ் குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தையே (2:282) கடனை எழுதி வைப்பதற்காக இறக்கியிருக்கிறான். நாமோ ரசீதைச் சமையலறை டப்பாவில் போட்டுத் தொலைத்துவிடுகிறோம்.

கம்பனி செவி கொடுக்காவிட்டால் மேலே போகலாம். மத்திய வங்கியில் 2020 முதல் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் என்று ஒன்று இயங்குகிறது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் முறைப்பாட்டை எப்படிக் கொடுப்பது என்று கேட்டறியலாம். 2023ல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வந்துவிட்டன. சட்ட ஆலோசனைக்குப் பணமில்லாதவர்களுக்குப் புதுக்கடை நீதிமன்றப் பகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வேறொரு கம்பனியில் புதுக் கடன் எடுத்து இதை அடைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம், 'கிரிப்' என்பார்களே, அங்கே பழைய பாக்கி பதிந்திருக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

பள்ளிவாசல் ஸகாத் கமிட்டியிடம் போகவும் கூச்சப்படாதீர்கள். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனில் மூழ்கியவர்களும் ஒரு கூட்டம் (9:60). கொடுத்தவர் பக்கமும் சொல்ல வேண்டும். கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது 2:280. நம்மவர்கள் நடத்தும் நிதி நிறுவனங்களின் அதிகாரிகள் இந்த ஆயத்தைப் பெயர்ப்பலகையில் அல்ல, அறவீட்டுப் பகுதியில் தொங்கவிட்டால் நல்லது.

வாசலில் நிற்கும்போது

சீஸ் பண்ண வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் வீட்டில் இல்லை. கதவைத் திறந்து உள்ளே கூப்பிட வேண்டாம். கடன் பாக்கி இருக்கிறது என்பதற்காக உங்கள் விருப்பமில்லாமல் வீட்டுக்குள் நுழைய யாருக்கும் உரிமையில்லை. அடையாள அட்டையைக் கேளுங்கள். கம்பனி கொடுத்த கடிதத்தைக் கேளுங்கள், அதில் வண்டி இலக்கம் சரியா என்று பாருங்கள். கிளைக்கு நீங்களே தொலைபேசி எடுத்து, அவர்கள் தரும் இலக்கத்துக்கு அல்ல, உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, இவர்களை அனுப்பியது உண்மையா என்று கேளுங்கள். கை நீட்டினால், தள்ளினால், கேட்டை உடைத்தால் 119. கத்தாதீர்கள், வண்டிக்கு முன்னால் போய்ப் படுக்காதீர்கள். வண்டி போனால் இன்னொன்று வரும், இன்ஷா அல்லாஹ்.

வெறுந்தாளில் கையொப்பம் போடவே கூடாது. வண்டியில் என்னென்ன சாமான் இருந்தது, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர், எங்கே கீறல் என்று எழுதி இரு பக்கமும் கையொப்பமிட்டு ஒரு பிரதி வாங்குங்கள். கையிலுள்ள தொலைபேசியால் நாலு படம் எடுங்கள். பிறகு உடனே, அன்றைக்கே, கிளைக்குப் போங்கள். பாக்கியையும் பறிமுதல் செலவையும் கட்டினால் வண்டியைத் திருப்பி எடுக்க அவகாசம் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் விற்பார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்தை நம்மிடமும் பிணையாளரிடமும் கேட்பார்கள். ஆகவே என்ன விலைக்கு விற்றார்கள் என்று கணக்குக் கேட்பது உங்கள் வேலை.

இனி அயல் வீட்டுக்காரராகிய நமக்கு. யாராவது வந்து மாறிப்போனவரின் விலாசம் கேட்டால், அவரிடம் பொய் சொல்லத் தேவையில்லை. "உங்க பேரையும் நம்பரையும் தாங்க, அவங்களுக்குச் சொல்லி எடுக்கச் சொல்றேன்" என்று சொன்னால் போதும். உண்மையான கலியாணக்காரன் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போவான். வந்தவன் போன பிறகு ஒழுங்கை முழுக்க "அவங்களுக்குக் கடனாம்" என்று பேசுவதையும் விட்டுவிடுவோம். துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒரே ஆயத்தில் (49:12) சேர்த்தல்லவா தடுத்திருக்கிறான்!

செய்தி கேட்ட மறுநாளே நான் வெள்ளவத்தைக்குப் போனேன். கலியாணக் காட் கதையை மறைக்காமல் சொன்னேன். அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொல்லாட்டி வேற ஒருத்தர் சொல்லியிருப்பாங்க ராத்தா" என்றார். மகளின் மத்ரஸாப் பை வண்டியின் பின் சீட்டுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அதற்குள் அவள் ஓதும் ஜுஸ்உ. பிள்ளை வண்டியைக் கேட்கவில்லை, பையைத்தான் கேட்டு அழுதாள்.

இருவருமாகக் கம்பனிக்குப் போனோம். முதல் நாள் அந்த அதிகாரி லீவு என்றார்கள். இரண்டாம் நாள் வண்டி வேறு யார்டில் நிற்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வண்டியை எடுக்க முடியவில்லை, பாக்கியும் செலவுமாகக் கேட்ட தொகை அவர்களிடம் இல்லை. கணவர் இப்போது இன்னொருவரின் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓடுகிறார். அன்று கிளையை விட்டு வெளியேறுமுன், கவுண்டரில் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, வெள்ளவத்தை விலாசத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார் அந்தச் சகோதரி. பிரதியில் முத்திரை குத்தித் தரும்வரை அங்கேயே நின்றோம்.